பிச்சைக்காரர் இரவு

முதல் தட்டை மேடைமேல் வைத்துவிட்டுக் கென்ட்ரா கை கழுவித் திரும்புவதற்குள், அதிலிருந்த ஆந்தைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் அப்படிப் பதிக்கவில்லை. சூடு தணியாத சாக்லேட் குக்கீயின் மேல் இரண்டு சர்க்கரைக் கண், நடுவே அலகுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய், அவ்வளவுதான் ஆந்தை. கண்ணில் கருமணி ஓரமாக இருப்பதால் நாம் எப்படித் திருப்பி வைக்கிறோமோ அப்படிப் பார்க்கும். பிள்ளைகள் சிரிக்கட்டும் என்று ஒன்றுக்கு மாறுகண் வைத்திருந்தாள். ஒன்று கூரையைப் பார்த்தது, ஒன்று பக்கத்து ஆந்தையை முறைத்தது. இப்போது ஒன்றுவிடாமல் எல்லாம் சமையலறையின் பின்கதவைப் பார்த்தன.

சூட்டில் நழுவியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கடையில் விற்கும் கேக் மாவில் முட்டையும் எண்ணெயும் ஊற்றிப் பிசைந்து உருட்டிய குக்கீ. இதில் எது எங்கே நிற்கும் என்று யார் கண்டது. "அடுப்புப் பக்கமே போகாதவகூட இத செஞ்சிடலாம்," என்று எதிர்வீட்டு பெவ் செய்முறையைச் சொல்லிக்கொடுத்தபோது கென்ட்ராவை ஒரு பார்வை வேறு பார்த்திருந்தாள். கென்ட்ரா விரல் நுனியால் கண்களைப் பழையபடி திருப்பிவிட்டு அடுத்த தட்டை ஓவனுக்குள் தள்ளினாள்.

ஹாலோவீன் என்னவோ நாளைக்குத்தான். ஆனால் டெமாயின் நகரத்தை ஒட்டிய ஊர்களில் பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருவது அதற்கு முந்தின மாலை. பிச்சைக்காரர் இரவு என்று பெயர். பெயர்தான் இரவு, விளக்கு வைக்கிற நேரத்தில் ஆரம்பித்து, பிள்ளைகள் படுக்கப் போவதற்குள் முடிந்துவிடும். வேறு ஊர் என்றால் பையை நீட்டினால் போதும். இங்கே ஜோக் சொல்ல வேண்டும். ஜோக் இல்லாவிட்டால் மிட்டாய் இல்லை. வீட்டுக்காரர்களும், எவ்வளவு அறுவையாக இருந்தாலும், கேட்டு முடிக்காமல் கதவைச் சாத்தக் கூடாது. சின்னப் பிள்ளை பாதியில் மறந்துபோய்த் திருதிருவென்று விழித்தாலும் குளிரில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றே ஆக வேண்டும்.

அவள் மகள் லின்னி இந்த வருஷம் ஜோக்கைத் தானே கட்டியிருந்தாள். கதவு தட்டுகிற ஜோக். ஒரு வாரமாகக் குளியலறைக் கதவு, அலமாரிக் கதவு, கார்க் கதவு என்று ஒன்றையும் விடவில்லை. "டொக் டொக்" என்பாள். "யாரது?" என்று கேட்க வேண்டும். "லின்னி" என்பாள். "எந்த லின்னி?" என்று கேட்க வேண்டும். கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி ஓடிவிடுவாள். முடிவு மட்டும் யாருக்கும் தெரியாது. அதைப் பிச்சைக்காரர் இரவன்றுதான் சொல்வாளாம். கென்ட்ராவுக்குத் தூக்கத்தில் கேட்டால்கூட வாய் தானாக "எந்த லின்னி?" என்று சொல்லும் அளவுக்குப் பழகிப்போயிருந்தது.

அப்படிக் காத்திருந்த பிள்ளைக்குக் காலையிலிருந்து காய்ச்சல். வெளியே போகக் கூடாது என்று சொன்னதும் அழுது, கத்தி, கடைசியில் ஆந்தை வேஷத்தைக் கழற்ற மாட்டேன் என்ற ஒரே ஒரு ஒப்பந்தத்தோடு கூடத்துச் சோஃபாவில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். பழுப்புத் துணியை இறகு இறகாகக் கத்தரித்துக் கென்ட்ராவே தைத்த வேஷம். ஒரு பக்க இறக்கை கொஞ்சம் நீளம்.

ஓவனுக்குள்ளிருந்து சாக்லேட்டின் கனத்த வாசனை பொங்கி வந்தது. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கி, பின்வேலிக்கு அப்பால் இன்னும் அறுக்காமல் நிற்கும் மக்காச்சோளம் காய்ந்த தாள்களை ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, யாரோ பொட்டலத்தைப் பிரித்துப் பிரித்து மடிப்பதைப் போலச் சரசரத்தது. எங்கோ தொலைவில் அறுவடை இயந்திரத்தின் உறுமல். கணவன் ட்ராய் காலையிலேயே தானிய லாரியோடு போயிருந்தான். மழை வருவதற்குள் அறுத்து முடிக்க வேண்டும் என்று ஊரே வயலில் கிடந்தது.

பின்கதவு தட்டப்பட்டது.

"டொக் டொக்," என்றது வெளியே ஒரு குரல்.

கென்ட்ரா அப்போது உருட்டிய மாவைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். "யாரது?" என்றாள் நிமிராமலே.

"லின்னி."

"எந்த லின்னி?"

சிரிப்பு கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு. பிறகு ஓடுகிற காலடி.

கென்ட்ராவுக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது. காய்ச்சலோடு இந்தக் குளிரில் கொல்லைக்குப் போயிருக்கிறதே இந்தப் பிள்ளை, இதை என்ன செய்தால் தகும். மாவுக் கையோடு கதவைத் திறந்து, "லின்னி, உள்ள வா. விளையாட்டுக்கு ஒரு அளவு இருக்கு," என்றாள். கொல்லையில் யாரும் இல்லை. வேலிப் பக்கம் சிரிப்பு மறுபடி கேட்டது. கதவை அகலத் திறந்து போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, ஈரப் புல்லில் வேலிவரை போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் சோளத் தாள்களுக்கிடையே இருட்டு ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது. மண் வாசனையும் காய்ந்த தவிட்டு வாசனையும் மூக்கை அரித்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எதிரே ஒரு வரிசையில் மட்டும் தாள்கள் ஆடி நின்றன. காற்று இல்லை.

அவளுக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. திரும்பி வேகமாக நடந்தாள். சமையலறைத் தரையில் சோளச் சருகுத் துணுக்குகள் கிடந்தன. வாசலிலிருந்து கூடத்துக் கம்பளம்வரை ஒன்று இரண்டாக உதிர்ந்திருந்தன. தன் செருப்பில் ஒட்டி வந்தது என்று முதலில் நினைத்தாள். ஆனால் அவள் இன்னும் வாசலைத் தாண்டவே இல்லை.

கூடத்தில் லின்னி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வைக்கு வெளியே ஆந்தைத் தொப்பியும் கொஞ்சம் முடியும் மட்டும் தெரிந்தன. நெற்றியில் கை வைத்தாள். சுட்டது.

"லின்னி. நீ வெளியில போனியா?"

"ம்ஹூம்," என்றாள் பிள்ளை தூக்கத்தில்.

கென்ட்ரா பின்கதவைப் பூட்டினாள். பூட்டினோமா என்று இழுத்தும் பார்த்தாள். தெருப் பிள்ளைகளில் யாரோ ஜன்னல் வழியாக இந்த ஜோக்கைக் கேட்டுவிட்டு விளையாடுகிறார்கள், வேறென்ன என்று சொல்லிக்கொண்டே குனிந்து சருகுகளைப் பொறுக்கினாள்.

நேரமானதும் முன்வாசல் விளக்கைப் போட்டாள். விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்தால் வரக் கூடாது. அது எல்லா ஊருக்கும் பொது. தெருவில் கூச்சலும் சருகு மிதிபடும் ஓசையும் நிறைந்தன. கடற்கொள்ளைக்காரன் ஒருவன் படியேறி வந்து மூச்சு விடாமல், "பேய் ஏன் லிஃப்ட்ல போகாது?" என்றான்.

"தெரியலையே. ஏன்?"

"பட்டனை அமுக்கினா விரல் உள்ள போயிடுது."

கென்ட்ரா நன்றாகவே சிரித்தாள். சிரித்ததும் பயம் பாதி போன மாதிரி இருந்தது. தெரியாத பிள்ளைகளுக்குக் கடை மிட்டாய், தெரிந்த பிள்ளைகளுக்கு ஆந்தை. வீட்டில் செய்ததை முகம் தெரியாதவர்களுக்குக் கொடுத்தால் பெற்றவர்கள் குப்பையில்தான் போடுவார்கள். நடுநடுவே ஓடிப்போய் அடுத்த தட்டுக்குக் கண் வைத்துவிட்டு வந்தாள்.

எதிர்வீட்டு வாசலில் தீ மூட்டி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெவ், கம்பளியைப் போர்த்தியபடியே தெருவைக் கடந்து வந்தாள். குக்கீ ஒன்றை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"பரவாயில்லையே, கருகாம எடுத்திட்டியே."

"எல்லாம் உன் புண்ணியம்."

"அதான் சொன்னேன்ல, யாரு வேணா செய்யலாம்னு." பெவ் ஆந்தையின் தலையைக் கடித்தாள். "ஆமா, காய்ச்சல்னு சொன்ன? உன் பொண்ணு நல்லாத்தானே ஓடித் திரியறா."

கென்ட்ரா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "எங்க பார்த்த?"

"எங்க வாசல்லதான். நான் இன்னும் லைட்டே போடல, அதுக்குள்ள வந்து டொக் டொக்குங்கறா. யாருடின்னேன். லின்னியாம். எந்த லின்னின்னு கேட்டா, மீதிய அம்மாகிட்ட சொல்லணுமாம். சரி தாயே, போன்னு மிட்டாய நீட்டினா அதுவும் வேண்டாம்னுட்டா."

"பெவ், அவ காலைலேர்ந்து சோஃபாவ விட்டு எழுந்திரிக்கல."

பெவ் அவள் தோளுக்கு மேலாகக் கூடத்தை எட்டிப் பார்த்தாள். போர்வை, தொப்பி, முடி.

"அப்போ வேற பிள்ளையா இருக்கும்," என்றாள். "மூஞ்சி பாதி மூடியிருந்துச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா உன் தையல் உலகத்துல வேற யாருக்குடி வரும்? ஒரு பக்க றெக்கை நீளமா இருந்துச்சே," என்றாள்.

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. பெவ் பாதி ஆந்தையைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு, "கதவெல்லாம் பூட்டிக்கோ. எதுன்னாலும் ஒரு குரல் குடு," என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

சமையலறைக்கு வந்த கென்ட்ரா மேடையைப் பார்த்தாள். முதல் தட்டில் மீதமிருந்தவையும் இப்போது வைத்த புதிய தட்டும், எல்லா ஆந்தைகளும், பின்கதவை விட்டுவிட்டு வலப்பக்கம் பார்த்தன. வலப்பக்கம் கார்க் கொட்டகைக்குப் போகும் கதவு. கொட்டகை வழியாகத்தான் துணி துவைக்கும் இடத்துக்கும் போக வேண்டும். பெரிய ஷட்டர் மூடித்தான் இருந்தது. அவளே காலையில் மூடியது.

அந்தக் கதவு தட்டப்பட்டது. உள்ளங்கையால் அல்ல, விரல் மூட்டால். அவள் இடுப்புக்கும் கீழே, ஒரு பிள்ளையின் கை எட்டும் உயரத்தில்.

"டொக் டொக்."

கென்ட்ராவின் வாய் திறந்தது. ஒரு வாரப் பழக்கம். நாக்கு "யா" என்று கிளம்பியும்விட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓவன் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சளி பிடித்த பிள்ளை உறிஞ்சுவதைப் போல. பொறுமையாக. போக வேண்டும் என்ற அவசரமே இல்லாமல்.

அந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் உண்டு. ஓடிப்போய் அதைப் போட்டாள். போனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள்.

"சொல்லு," என்றான் ட்ராய். பின்னால் லாரிகளின் இரைச்சல்.

"எப்போ வருவ?"

"தானியக் கிடங்குல வரிசைல நிக்கறேன். எனக்கு முன்னாடி ஊர்ப்பட்ட வண்டி நிக்குது. ஏன், குக்கீ கருகிடுச்சா?"

"ட்ராய், யாரோ கதவத் தட்டறாங்க. கொட்டகைக்குள்ள யாரோ இருக்காங்க. லின்னி குரல்ல பேசுது."

"லின்னிதானா இருக்கும். அவள எதுக்கு வெளில விட்ட? காய்ச்சல்னு நீதானே சொன்ன."

"நான் விடல."

"சாயங்காலம் வேலி ஓரமா லாரிய ஓட்டிட்டுப் போனேன், கைய ஆட்டினாளே. நான்கூட ஹார்ன் அடிச்சேன். ரெண்டு பேரு நின்னாங்க. ரெண்டும் ஆந்தை. நீ ரெண்டு டிரஸ்ஸா தெச்ச?"

கென்ட்ரா கூடத்துச் சோஃபாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"கென்ட்ரா? இருக்கியா?"

"நீ வா," என்றாள். "லாரிய அங்கயே போட்டுட்டு வா."

அவள் குரலில் என்ன கேட்டதோ, அவன் மேற்கொண்டு கிண்டல் செய்யவில்லை. "யார் வண்டியிலயாவது ஏறி வரேன். போலீஸுக்கும் சொல்லு. கதவத் திறக்காத," என்றான்.

போலீஸுக்குச் சொன்னாள். பிச்சைக்காரர் இரவில் யாரோ பிள்ளைகள் கதவைத் தட்டுகிறார்கள் என்று புகார் சொல்வது எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரிந்தது. மறுமுனைப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வண்டி ஒன்று அந்தப் பக்கம் வரும், வாசல் விளக்கை அணைத்துவிடுங்கள் அம்மா, தானாக நின்றுவிடும் என்றாள்.

வாசல் விளக்கை அணைத்தாள். தெருவிலும் ஒவ்வொரு வீடாக விளக்குகள் அணைந்துகொண்டிருந்தன, நேரம் முடிந்துவிட்டது. பிள்ளைகளின் கூச்சல் தேய்ந்து, பெற்றவர்கள் கூப்பிடும் குரல் தேய்ந்து, கடைசியாக ஒரு காரின் கதவு மூடும் ஓசையும் தேய்ந்தது. பெவ் வீட்டுத் தீயும் அணைந்திருந்தது. ஓடினால் எதிர்வீடு. தெருவைக் கடந்தால் போதும். போர்வையோடு லின்னியை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். பிள்ளையின் மூச்சு கழுத்தில் அனலாக வீசியது.

முன்கதவின் கைப்பிடியைத் தொட்டாள்.

"டொக் டொக்," என்றது முன்கதவு.

பின்னுக்கு நகர்ந்தாள். பின்கதவில் தட்டல். கொட்டகைக் கதவில் தட்டல். பிறகு கூடத்து ஜன்னல். லின்னியின் அறை ஜன்னல். குளியலறையின் சின்னக் கண்ணாடி. எல்லாம் மெதுவாக. எல்லாம் மரியாதையாக. ஒன்று முடித்த பிறகே இன்னொன்று.

கென்ட்ராவின் முதுகு சமையலறை மேடையில் இடித்தது. திரும்பினாள். குக்கீத் தட்டுகள். ஆந்தைகள் ஒரே பக்கம் பார்க்கவில்லை. ஒன்று கூரையை, ஒன்று தரையை, ஒன்று ஜன்னலை, ஒன்று இன்னொரு ஜன்னலை. மாறுகண் வைத்தது மாறுகண்ணாகவே இருந்தது. அவள் ஆரம்பத்தில் வைத்தபடியே தாறுமாறாக. அப்பாடா என்று மனசு ஒரு கணம் இளகியது. இளகின மனசு அடுத்த கணமே உறைந்தது. தட்டுவது எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் அவை இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தன. இப்போது அது எல்லாப் பக்கமும் இருந்தது.

"அம்மா." தோளில் கிடந்த லின்னி முனகினாள். "யாரது?"

"உஷ். பேசாதடா கண்ணு."

"நீ ஏன் கேக்க மாட்டேங்கற? கேட்டா போயிடுவாங்கல்ல."

முன்கதவுக்கு வெளியே அழுகை கேட்டது. சத்தம் போட்டு அழும் அழுகை அல்ல. அழுது அழுது ஓய்ந்துபோன அழுகை. லின்னி எப்போதும் அப்படித்தான் முடிப்பாள், விக்கலும் தேம்பலுமாக.

"அம்மா, குளிருது."

கென்ட்ரா கண்ணை இறுக மூடினாள்.

"அம்மா, நீ கதவத் திறந்து வெச்சிட்டு வேலிகிட்ட போனல்ல. நானும் உன் பின்னாடியே வந்தேன். நீ என்னப் பார்க்கவே இல்ல. நான் சோளத்துக்குள்ள போயிட்டேன். வழி தெரியல. வந்து பார்த்தா கதவ சாத்திட்ட."

சருகுகள். வாசலிலிருந்து கம்பளம்வரை. உள்ளே வந்த சருகுகள்.

கென்ட்ரா தரையில் உட்கார்ந்து, தோளில் கிடந்த பிள்ளையை மெல்ல இறக்கி மடியில் வைத்துப் பார்த்தாள். லின்னியின் முகம். லின்னியின் மூக்கு நுனியில் லின்னியின் மச்சம். ஒரு பக்க இறக்கை நீளம். காலுறையின் அடியில் மண். காலையிலிருந்து எழுந்திருக்காத பிள்ளையின் காலுறையில் மண்.

"லின்னி." குரல் அவளுடையதாகவே இல்லை. "உன் ஜோக்கோட முடிவு என்னன்னு அம்மாகிட்ட மட்டும் சொல்லு."

பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தது. "நீ கேட்டாத்தானே சொல்ல முடியும்?"

"நீ கேட்டாத்தானே சொல்ல முடியும்?" என்றது வெளியே தேம்பல்.

சொன்னாலும் என்ன. சரியா தப்பா என்று அவளுக்கு எப்படித் தெரியும். அந்த முடிவு லின்னி ஒருத்தியின் நெஞ்சுக்குள் மட்டும்தான் இருந்தது. சிரித்துக்கொண்டு ஓடிய பிள்ளையை ஒரு நாள், ஒரே ஒரு நாள், விரட்டிப் பிடித்துக் கிச்சுக்கிச்சு மூட்டிச் சொல்ல வைத்திருக்கலாமே. வேலை, வேலை என்று விட்டுவிட்டாளே.

"அம்மா, கால் எரியுது. செருப்பு போடல."

"அம்மா, திறக்காத," என்றது மடியில் இருந்த பிள்ளை. அதுவும் அழ ஆரம்பித்திருந்தது.

பெற்றவளுக்குத் தெரியாதா என்பார்கள். தெரியவில்லை. மடியில் இருப்பதை அணைத்துக்கொண்டால் வெளியே பெற்ற பிள்ளை குளிரில் விறைக்கிறது. கதவைத் திறந்தால் மடியில் இருக்கிற பெற்ற பிள்ளைக்கு எமன் உள்ளே வருகிறான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் கையால்தான் லின்னி போகப் போகிறாள். ட்ராய் எங்கே. போலீஸ் வண்டி எங்கே. தெருவில் ஒரு வெளிச்சம்கூட வரவில்லை.

எழுந்து போய் முன்கதவின் சங்கிலியைப் போட்டாள். ஒரு கையால் பிள்ளையை இடுப்போடு இறுக்கிக்கொண்டு, மறு கையால் வாசல் விளக்கைப் போட்டு, கதவை ஒரு விரற்கடை திறந்தாள்.

ஆந்தை வேஷத்தில் லின்னி நின்றாள். காய்ச்சலில் சிவந்த கன்னம். கண்ணீரும் சளியும். மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. வெறுங்கால். ஒரு கால்மேல் இன்னொரு காலை ஏற்றி நின்றாள், தரை குளிருகிறபோது அவள் நிற்கிற மாதிரியே.

"அம்மா," என்றாள்.

கென்ட்ராவின் கை சங்கிலியை எடுத்தது. எடு என்று அவள் சொல்லவில்லை. கை எடுத்தது.

கதவு அகலத் திறந்ததும் இடுப்பில் இருந்த பிள்ளை நழுவியது. பிடிக்கப் போனாள். இறக்கைத் துணி விரலுக்குள் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அது அவள் கைக்கு அடியில் புகுந்து, வாசல் படியில் இறங்கி, வெளியே நின்றதன் பக்கத்தில் போய் நின்றது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. இரண்டும் அவளைப் பார்த்தன.

"லின்னி," என்று கத்தினாள். "உள்ள வா."

படிக்குக் கீழே, விளக்கு வெளிச்சம் முடிகிற இடத்தில், முகங்கள் நிமிர்ந்தன.

வீட்டின் பக்கவாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். கொட்டகைப் பக்கமிருந்து. புல்வெளி வழியாக, சோளத் தாள்களை விலக்கிக்கொண்டு, அவசரப்படாமல். பிச்சைக்காரர் இரவில் நல்ல பிள்ளைகள் நிற்பதைப் போல ஒருவர் பின் ஒருவராக வரிசை பிடித்தார்கள். எல்லாருக்கும் ஒரு பக்க இறக்கை நீளம். எல்லாருக்கும் வெறுங்கால், அல்லது மண் ஒட்டிய காலுறை. தேம்பிக்கொண்டிருந்தார்கள். முதலில் நின்ற இரண்டும் நகர்ந்து வரிசைக்குள் கலந்தன. எங்கே கலந்தன என்று அவள் கண் பின்தொடர்ந்தது. தொடர்ந்தது. பிறகு தவறவிட்டது.

"எந்த லின்னின்னு கேட்டியே, அம்மா," என்றது முன்னால் நின்ற பிள்ளை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பார்த்துச் சொல்லு."

கென்ட்ரா மண்டியிட்டாள். கையை நீட்டி அதன் நெற்றியைத் தொட்டாள். சுட்டது. அடுத்ததன் நெற்றியைத் தொட்டாள். சுட்டது. அதற்கடுத்ததும். அதற்கும் அடுத்ததும். சோளத்துக்குள்ளிருந்து இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். அவள் நெற்றி நெற்றியாகத் தொட்டுக்கொண்டே போனாள், எல்லாம் ஒரே மாதிரி சுட்டன.